ஹை ரிலீஃப் நாணயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு சேர்க்கிறேன் என்று சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது எவ்வளவு பெறும்?" என்பதுதான். ஆனால் ஒரு ஹை ரிலீஃப் காசைக் கையில் கொடுத்துப் பாருங்கள். விலை கேட்க மறந்துவிடுவார்கள், கட்டைவிரல் தானாக மேலே ஏறி அந்த மேட்டைத் தடவப் பார்க்கும். (தடவ விடாதீர்கள். காரணம் கீழே வரும்.) அப்படிப் பார்த்தவர்கள் கேட்டதையும், புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள் கேட்பதையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

ஹை ரிலீஃப் என்றால் என்ன?

காசின் சமதளமான பகுதியைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரையிலிருந்து முகமோ பறவையோ எவ்வளவு எழும்பி நிற்கிறதோ, அதுதான் புடைப்பு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். யானைகள் பாறையை விட்டு வெளியே நடந்து வருவதுபோல் இருக்கும், வேறு சில உருவங்கள் பாறையோடு ஒட்டினாற்போல் இருக்கும். எல்லாமே புடைப்புச் சிற்பம்தான், எழும்பிய அளவுதான் வேறு. சட்டைப்பையில் கிடக்கும் காசில் உருவம் எழும்புவது மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. ஹை ரிலீஃபில் அது கண்ணுக்கு மட்டுமல்ல, விரலுக்கும் தெரியும்.

இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் ஹை ரிலீஃப் என்று உலகப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நாணயச்சாலை தன்னுடைய வழக்கமான காசைவிட உயரமாக அடித்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறது. அதனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. காசைச் சாய்த்து, விளிம்புப் பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதற்கு ஏன் இத்தனை மவுசு?

நிழல்தான் காரணம். தட்டையான காசில் மூக்கும் கன்னமும் வெறும் கோடு. உயரமான காசில் மூக்குக்குப் பக்கத்தில் நிழல் விழும், கன்னத்தில் வெளிச்சம் படிப்படியாகத் தேயும். ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பினால் முகத்தின் பாவமே மாறும். காலையில் கோபமாகத் தெரிந்த முகம் விளக்கு வெளிச்சத்தில் அமைதியாகத் தெரியும். கோயிலில் தீபாராதனை காட்டும்போது மூலவர் முகத்தில் வெளிச்சம் அசைவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்புறம் எடையும் ஒரு காரணம். அதே ஒரு அவுன்ஸ் வெள்ளியைச் சின்ன வட்டமாக, தடியாக அடிக்கும்போது கையில் வேறு மாதிரி உட்காரும். இதை எழுத்தில் விளக்குவது கஷ்டம்.

உயரமாக அடிப்பதில் அப்படி என்ன சிரமம்? பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் போதாதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும், எனவே ஆழமாக வெட்டினால் உயரமாக வரும் என்று கணக்கு. வெட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. நிரப்புவதுதான் கஷ்டம்.

காசு அடிக்கும்போது உலோகம் உருகுவதில்லை. உருவம் எதுவும் இல்லாத ஒரு வட்ட வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் ஒரு வளையத்தால் பிடித்து அழுத்துகிறார்கள். உலோகம் திடப்பொருளாகவே, இறுகிய மாவு மாதிரி நகர்ந்து பள்ளங்களுக்குள் ஏறுகிறது. மோதக அச்சில் மாவை அடைக்கும்போது சில சமயம் நுனி வரை போகாமல் மொட்டையாக வருமே, அதேதான் இங்கேயும். பள்ளம் ஆழமாக ஆக, அடிவரை உலோகம் போய்ச் சேராது. போய்ச் சேராத இடம் எதுவென்றால் உருவத்தின் மிக உயரமான இடம்: மூக்கு நுனி, முழங்கால், காதோர முடி. பார்க்கிறவர் கண் முதலில் போவதும் அங்கேதான்.

சரி, இன்னும் பலமாக அழுத்தலாமே என்றால், உலோகம் விறைத்துக்கொள்ளும். ஆசாரி தகடு தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரியும். கொஞ்ச நேரம் தட்டியதும் தகடு வளைந்துகொடுக்க மறுக்கும், பிடிவாதமாகத் தட்டினால் ஓரத்தில் வெடிக்கும். அவர் அதை நெருப்பில் காட்டி, பழுக்க வைத்து, இளக்கிவிட்டுத்தான் மறுபடி தட்டுவார். நாணயச்சாலையிலும் அதே வழிதான். ஒரு அழுத்து, பிறகு உலை, பிறகு இன்னொரு அழுத்து. ஒவ்வொரு முறையும் காசு அச்சுக்குள் முன்பிருந்த அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் உருவம் இரட்டையாகிவிடும், அந்தக் காசை உருக்க வேண்டியதுதான்.

தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு சண்டையும் உண்டு. தலைப்பக்கத்தில் நடுவில் பெரிய மேடு, பின்பக்கத்திலும் அதே நடுவில் பெரிய மேடு என்றால், இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்து உலோகத்தை இழுக்கும். இரண்டுமே அரைகுறையாக நிரம்பும். நல்ல வடிவமைப்பாளர் ஒரு பக்க மேட்டுக்கு நேர் பின்னால் மறுபக்கத்தில் தரையோ தாழ்வான பகுதியோ வருமாறு பார்த்துக்கொள்வார். படம் அழகாக வரைவதும் காசுக்கு வரைவதும் வேறு வேறு வேலை என்று ஆனது இதனால்தான்.

இத்தனை அழுத்தத்தையும் அச்சும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஆழமான பள்ளத்தின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். அதன் பிறகு அச்சு நெடுநாள் தாங்காது.

அப்படியானால் பழைய கிரேக்கர்கள் சுத்தியலால் அடித்தே எப்படிச் சாதித்தார்கள்?

சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்தில் கிமு 400-ஐ ஒட்டி அடித்த பத்து திராக்மா வெள்ளிக் காசுகள் இந்தக் கலையின் சிகரம் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஏறத்தாழ 43 கிராம் எடை. கிமோன், யுவைனெடோஸ் என்ற இரண்டு செதுக்குக் கலைஞர்கள் அச்சில் தங்கள் பெயரையே பொறித்துவைத்தார்கள். அரேதூசா என்ற நீர்த்தேவதையின் தலை, அதைச் சுற்றி நீந்தும் டால்ஃபின்கள். கூந்தல் ஒவ்வொரு இழையாக எழும்பி நிற்கும். மறுபக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர்.

அவர்களுக்கு இருந்த வசதி என்னவென்றால், வில்லை தட்டைத் தகடாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் தடித்த கட்டியாக வார்த்து, சூடாக்கி அடிக்கலாம். உலோகம் ஏற்கெனவே வேண்டிய இடத்தில் இருக்கிறது, இளகியும் இருக்கிறது. விளிம்பு வெடித்தால் வெடிக்கட்டும், வட்டம் கோணினால் கோணட்டும், எடை சரியாக இருந்தால் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும் என்றோ இயந்திரத்துக்குள் போட வேண்டும் என்றோ யாரும் கேட்கவில்லை. அந்தச் சலுகைகளை எல்லாம் இன்றைய நாணயச்சாலைக்கும் கொடுத்தால் அதுவும் அடிக்கும்.

அந்தக் காலத்துப் புடைப்பான காசை நம் ஊரில் பார்க்க முடியுமா?

மிளகுக்கு விலையாக வந்த ரோமானியக் காசுகள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சிரக்கூசா அளவுக்கு இல்லாவிட்டாலும், பேரரசர்களின் தலை இன்றைய காசைவிட நன்றாகவே எழும்பி இருக்கும். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

1907 இருபது டாலர் தங்கக் காசைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

மேலே சொன்ன எல்லாச் சிரமங்களும் ஒரே காசில் வந்து மோதின, அதனால்தான்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பழைய கிரேக்கக் காசுகளைப் பார்த்து மயங்கியவர். தன் நாட்டுக் காசுகள் கலை நோக்கில் சகிக்க முடியாத அவலட்சணம் என்று 1904 டிசம்பரில் நிதித்துறைச் செயலருக்கே எழுதினார். அப்போது அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பியாக இருந்த அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸிடம் வேலையை ஒப்படைத்தார். கிரேக்கக் காசு மாதிரி உயரமாக வேண்டும் என்பதுதான் இருவருக்கும் இருந்த ஆசை.

சிற்பி வடித்தது: கையில் தீப்பந்தமும் ஆலிவ் கிளையுமாக, முடி பறக்க, நம்மை நோக்கி நேராக நடந்துவரும் சுதந்திர தேவி. மறுபக்கம் உதயசூரியனின் கதிர்களுக்கு மேலே பறக்கும் கழுகு. இங்கே கவனிக்க வேண்டியது 'நம்மை நோக்கி' என்பது. பக்கவாட்டு முகத்தைத் தட்டையாகவும் சமாளித்துவிடலாம். எதிரே வருகிற உருவத்துக்கு முழங்கால் முன்னால் துருத்த வேண்டும். துருத்தாவிட்டால் நடை இல்லை.

பிலடெல்பியா நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்ல்ஸ் பார்பர் இது நடக்கிற காரியமில்லை என்றார். சிற்பிக்கு உடம்பு சரியில்லை, புற்றுநோய். உதவியாளர் ஹென்றி ஹெரிங்தான் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு நாணயச்சாலைக்கும் பட்டறைக்கும் அலைந்தார். 1907 தொடக்கத்தில் சோதனையாக அடித்தபோது நடந்ததை ஹெரிங் பிற்பாடு எழுதியிருக்கிறார். பதக்கங்கள் அடிக்கும் நீரழுத்த இயந்திரத்தில், 172 டன் அழுத்தத்தில், முதல் முறை பாதிக்குச் சற்று மேல்தான் உருவம் வந்தது. உலையில் இளக்கி மறுபடி வைத்தார்கள், இன்னும் கொஞ்சம் வந்தது. அப்படியே போய், ஒன்பதாவது அழுத்தலில்தான் முழு உருவமும் கிடைத்தது. ஒரு காசுக்கு ஒன்பது முறை! இருபது டாலர் காசுகளை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ள வேண்டிய இடம் அது.

அப்படி அடித்தவை சுமார் இருபதுதான். பிறகு உயரத்தைக் குறைத்து இன்னொரு அச்சு செய்தார்கள். 1907 ஆகஸ்ட் 3-ஆம் தேதி செயின்ட் காடன்ஸ் இறந்துபோனார், காசு புழக்கத்துக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. குறைத்த அச்சுக்கும் குறைந்தது மூன்று அழுத்து வேண்டியிருந்தது. ரூஸ்வெல்ட் விடவில்லை. ரோமானிய எண்களில் ஆண்டு பொறித்த அந்தக் காசு 12,367 அடித்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் ஹை ரிலீஃப் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். கடைசியில் பார்பர் உயரத்தை வெகுவாகத் தணித்து, ஆண்டையும் சாதாரண எண்ணில் போட்டு, ஒரே அழுத்தில் வரும்படி செய்தார். அந்த வகையில் அதே 1907 ஆண்டிட்டு 3,61,667 காசுகள் வந்துவிட்டன.

பார்பர் வில்லனா?

சேகரிப்பாளர்கள் பேச்சில் அப்படித்தான். எனக்கென்னவோ அவர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. பொறாமை இருந்திருக்கலாம், முரட்டுத்தனமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே அழுத்தில் வராத காசைக் காசு என்று சொல்ல முடியாது என்று அவர் சொன்னது தொழில்முறையில் முழு உண்மை. வங்கிக்காரர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். விளிம்பைவிட உருவம் உயர்ந்தால் அடுக்கு ஆடும், உரசலில் முதலில் தேய்வதும் அந்த முழங்கால்தான். தங்கக் காசில் தேய்வது என்றால் பணம் தேய்வது.

வயர் ரிம், ஃபிளாட் ரிம் என்கிறார்களே?

அதே 1907 ஹை ரிலீஃப் காசின் இரண்டு வகைகள். அழுத்தம் மிகுதியாகும்போது உலோகம் போக வழியில்லாமல் அச்சுக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்தில் பிதுங்கி, விளிம்பு நெடுக ஒரு கம்பி மாதிரி எழும்பும். பணியாரக் குழியை மீறி மாவு ஓரத்தில் முறுகலாக நிற்குமே, அது மாதிரி. நாணயச்சாலைக்கு அது குறை. கம்பி உடைந்து விழுந்தால் காசின் எடை குறையும். பிற்பாடு சரிசெய்துவிட்டார்கள், அப்படி வந்தது ஃபிளாட் ரிம். சேகரிப்பாளர்களுக்கோ இரண்டுமே வேண்டும்.

'அல்ட்ரா ஹை ரிலீஃப்' என்பது வேறா?

ஒன்பது அழுத்தில் வந்த சோதனைக் காசுகளை அப்படி அழைப்பார்கள். அதோடு, 1907-ல் வேறொரு யோசனையும் இருந்தது. இருபது டாலர் காசின் வழக்கமான அகலம் 34 மில்லிமீட்டர். அதே தங்கத்தைப் பத்து டாலர் காசின் 27 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, அந்தப் பத்து டாலர் காசைப்போல் இரட்டைத் தடிமனாக அடித்தால் உலோகம் மேலே ஏறத் தாராளமாக இருக்கும் அல்லவா? அடித்தும் பார்த்தார்கள். காசின் அகலத்தை மாற்றச் சட்டம் இடம் தராது என்று ஆனதால் உருக்கிவிட்டார்கள். இரண்டு மட்டும் தப்பி ஸ்மித்சோனியனில் இருக்கின்றன.

102 ஆண்டு கழித்து, 2009-ல், அமெரிக்க நாணயச்சாலை அந்த யோசனையையே எடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 27 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன், ஒரு அவுன்ஸ், 24 காரட் தங்கம். செயின்ட் காடன்ஸின் வடிவத்தைக் கணினியில் ஏற்றி அச்சு செய்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. 1907-ல் முடியாதது 2009-ல் முடிந்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. பழைய காசு 90 சதவீதத் தங்கம், மீதி செம்பு. செம்பு கலந்தால் தங்கம் கெட்டிப்படும். புழங்கும் காசுக்கு அந்தக் கெட்டி வேண்டும், பெட்டியில் தூங்கப்போகும் காசுக்கு வேண்டாம். சுத்தத் தங்கம் நெய் மாதிரி, அழுத்திய இடத்துக்குப் போகும்.

1921 பீஸ் டாலரும் ஹை ரிலீஃபா?

ஆமாம், 1907 பாடத்தை அதே பிலடெல்பியாவில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததன் நினைவாக அந்தோனி டி பிரான்சிஸ்கி வடிவமைத்த வெள்ளி டாலர். 1921 டிசம்பர் கடைசி நாட்களில் அவசரமாக அடித்தும் 10,06,473 காசுகள் வந்தன. அச்சுகள் தாங்கவில்லை, 1922-ல் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

1921 காசை எடுத்துச் சுதந்திர தேவியின் காதை மூடிய முடியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வழவழப்பாக இருக்கும். தேய்ந்துபோன காசு என்று நினைத்துப் புதியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அது தேய்மானமில்லை, பிறக்கும்போதே உலோகம் போய்ச் சேராத இடம். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: விளக்கடியில் காசைச் சுற்றினால் புதுக் காசின் தரையில் வெளிச்சம் சக்கரம் சுற்றுவதுபோல் ஓடும். அந்த ஓட்டம் அறுபடாமல் இருந்து முடி மட்டும் மழுங்கியிருந்தால், அது அடியின் குறை. ஓட்டம் அங்கங்கே செத்திருந்தால் தேய்மானம்.

நம் ரூபாய்க் காசு மட்டும் ஏன் இவ்வளவு தட்டை?

இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. எஃகு அச்சால் எஃகு வில்லையை அடிக்கிறார்கள். அதில் உயரம் கேட்பது நியாயமில்லை. நவீன இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 750 காசு வரை அடிக்கும், அந்த வேகத்தில் ஒவ்வொரு காசுக்கும் கிடைப்பது ஒரே ஒரு அடி. இந்தியா என்றில்லை, எந்த நாட்டுச் சில்லறையும் இதே கதைதான்.

உயரத்துக்குப் பதிலாகப் பள்ளமாகச் செதுக்கினால் என்ன?

செய்து பார்த்தார்கள். 1908-ல் பேலா லயன் பிராட் என்ற சிற்பி வடிவமைத்த இரண்டரை டாலர், ஐந்து டாலர் தங்கக் காசுகளில் உருவம் தரைக்குக் கீழே இருக்கும். எகிப்தியச் சுவர்ச் சிற்பங்களில் இருப்பது போல. அடுக்கலாம், உயரமான இடமே இல்லாததால் உருவம் சீக்கிரம் தேயாது. பள்ளத்தில் அழுக்கு சேர்ந்து நோய் பரவும் என்று ஒரு பழைய காசு வியாபாரி குடியரசுத் தலைவருக்கே புகார் எழுதினார். எனக்கு அந்தக் காசுகள் மிகவும் பிடிக்கும். ஆனால் நிழல் விளையாட்டு அதில் வேறு ரகம்.

இப்போது எப்படி அடிக்கிறார்கள்?

அழுத்தும் முறை அடிப்படையில் மாறவில்லை. மெதுவான நீரழுத்த இயந்திரம், ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்து, மனிதக் கையால் காசை வைத்து எடுப்பது. மாறியது அச்சு செய்யும் விதம். முன்பு பெரிய பிளாஸ்டர் மாதிரியை ஒரு ஊசி தடவிக்கொண்டே போக, மறுமுனையில் அதே உருவத்தைச் சின்னதாக எஃகில் வெட்டும் இயந்திரம் இருந்தது. இன்று கணினியில் வடித்ததை நேராக எஃகில் வெட்டிவிடலாம். உலோகம் எங்கே தட்டுப்படும், எங்கே தேங்கும் என்று கணித்து வடிவத்தை முன்கூட்டியே திருத்தலாம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை அடிக்கும் கூகபராப் பறவை, கோலா விலங்கு வெள்ளிக் காசுகளைப் பார்த்தால் இரண்டு தந்திரங்கள் கண்ணுக்கே தெரியும். ஒன்று, சாதாரண ஒரு அவுன்ஸ் காசு சுமார் 40 மில்லிமீட்டர் அகலம் என்றால் ஹை ரிலீஃப் வகை சுமார் 32. சுருக்கியதெல்லாம் தடிமனுக்குப் போகிறது. இன்னொன்று, தரை தட்டையாக இருக்காது. கிண்ணம் மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். அச்சின் நடுப்பகுதி உலோகத்தைத் தள்ளிக்கொண்டு போய் உருவத்துக்குள் ஏற்றுகிறது, பார்வைக்கும் தரை தாழ்ந்ததால் உருவம் இன்னும் உயர்ந்ததுபோல் தெரிகிறது. பாதி உண்மையான உயரம், பாதி கண்கட்டு. தவறில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

லிச்டென்ஸ்டைனைச் சேர்ந்த சி.ஐ.டி. நிறுவனம் 'ஸ்மார்ட் மின்டிங்' என்ற பெயரில் அடிக்கும் காசுகளில், எடையைக் கூட்டாமலே முன்பு பார்த்திராத உயரம் வருகிறது. சிலவற்றில் விலங்கின் முகம் காசை விட்டு வெளியே வந்துவிட்டதுபோல் இருக்கும்.

வளைந்த காசு, பியட்ஃபோர்ட் காசு எல்லாம் ஹை ரிலீஃப்தானா?

இல்லை. 2014-ல் அமெரிக்கா வெளியிட்ட பேஸ்பால் காசு போன்றவற்றில் காசே ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்திருக்கும், உருவத்தின் உயரம் சாதாரணம்தான். பியட்ஃபோர்ட் என்பது தடிமனை இரட்டிப்பாக்குவது மட்டும்.

உயரம் கூடக் கூட அழகும் கூடுமா?

என் அனுபவத்தில் இல்லை. புதிய காசுகள் சிலவற்றைப் பார்த்தால் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் பொம்மையைப் பாதியாக வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும். உயரம் இருக்கிறது, சிற்பம் இல்லை. தரையிலிருந்து உருவம் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம். சுவர் மாதிரிச் செங்குத்தாக எழும்பினால் கண் அங்கேயே தடுக்கி நிற்கும். செயின்ட் காடன்ஸின் தேவியைப் பாருங்கள்: ஆடையின் ஓரங்கள் தரையிலேயே கரைந்து, தோள் கொஞ்சம் எழும்பி, முழங்காலில் போய் உச்சம். பின்னால் இருக்கும் கதிர்கள் கீறல் அளவுதான். தாழ்வான கதிர்கள் இல்லாவிட்டால் அந்த முழங்காலுக்கு அத்தனை உயரம் தெரியாது. பார்பர் தணித்த காசுகூட எனக்கு மோசமாகத் தெரியவில்லை என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உச்சிப் புள்ளிகள். உருவத்தில் எது மிக உயரமோ அங்கே உருப்பெருக்கியை வையுங்கள். மழுக்கல், உரசல், புள்ளி எல்லாம் அங்கேதான் முதலில் வரும். பிறகு விளிம்பு. 1907 காசு என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களின் தரச்சான்று இல்லாமல் தொடவே தொடாதீர்கள், பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும் காசு அது. கள்ளக் காசும் உண்டு. அதில் ஒன்று கள்ளக் காசு உலகிலேயே பிரபலம்: செய்தவன் கழுகின் நகத்துக்குள் கிரேக்க எழுத்து ஒமேகாவை நுணுக்கமாகப் பொறித்துவைத்தான், தன் கையெழுத்துபோல. வேலை அத்தனை நேர்த்தி. கெட்டிக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். சரியான எடை 33.436 கிராம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒமேகா ரகத்துக் கள்ளனை எடை மட்டும் காட்டிக்கொடுக்காது.

புதிய காசுகளுக்கு என்றால், "எத்தனை அவுன்ஸ், எத்தனை மில்லிமீட்டர் அகலம்" என்று கேளுங்கள். ஒரு அவுன்ஸ் வெள்ளி, 40 மில்லிமீட்டர் அகலம், ஹை ரிலீஃப் என்று ஒருவர் சொன்னால் நான் இரண்டு முறை யோசிப்பேன். ஸ்மார்ட் மின்டிங் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, அவற்றின் விலையே அதைச் சொல்லிவிடும்.

எப்படிப் பாதுகாப்பது?

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக வாங்கிய இரண்டு அவுன்ஸ் வெள்ளிக் காசு, சிங்கத்தின் முகம். வந்த பெட்டி பெரிதாக இருக்கிறது என்று, கையிலிருந்த சாதாரண வட்டக் கூட்டில் போட்டு மூடினேன். அகலம் சரியாக இருந்தது, கொஞ்சம் இறுக்கமாக மூடியது, அவ்வளவுதான் என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்தால் சிங்கத்தின் மூக்கு மட்டும் எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுங்குகிறது. கூட்டின் மூடி மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை இழுப்பறையைத் திறந்து மூடும்போதும் காசு துளி அசைந்து மூக்கை மூடியில் தேய்த்திருக்கிறது. மீதி முகம் முழுக்கப் பழுப்பு மங்கல், மூக்கு மட்டும் பளபள.

அதனால், கூட்டின் உள் உயரத்தையும் அளந்து வாங்குங்கள். தடித்த காசுகளுக்கென்றே ஆழமான கூடுகள் கிடைக்கின்றன. மூடிய பிறகு பக்கவாட்டில் பார்த்தால் உச்சிக்கும் மூடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். பிவிசி கலந்த மெல்லிய உறைகள் எந்தக் காசுக்கும் ஆகாது, நாளாவட்டத்தில் பச்சைப் பிசின் படியும்.

கறுத்தால் துடைக்கலாமா? கையால் தொடலாமா?

துடைக்கவே கூடாது. விபூதி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற கை நம்முடையது, அரிக்கத்தான் செய்யும். எந்தத் துணியும் பள்ளத்துக்குள் போகாது, உச்சியை மட்டும்தான் உரசும். கறுப்பு பள்ளத்திலேயே தங்கி உச்சி மட்டும் வெளுத்து, எண்ணெய் வைத்த மூக்கு மறுபடி வந்துவிடும்.

தொடுவதானால் விளிம்பில் மட்டும், இரண்டு விரலால், கீழே மெத்தையோ மடித்த துண்டோ விரித்துக்கொண்டு. சாதாரணக் காசு தரையில் விழுந்தால் விளிம்பு அடிபடும். இது முகம் குப்புற விழும்.

நான் எடுக்கும் படத்தில் மட்டும் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

ஃபிளாஷ் போடுகிறீர்கள். நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால் நிழலே இருக்காது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேசை விளக்கை ஒரு பக்கமாக, காசின் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்தி வையுங்கள். முகம் பார்க்கிற திசையிலிருந்து வெளிச்சம் வரட்டும். எதிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் இளகும். அப்புறம் விளக்கை அப்படியே விட்டுவிட்டு, காசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்துப் படம் எடுங்கள். ஒன்பது வீணாகும்.